ஆறு மேசைகளும் ஒரு பதிவேடும்

பொருளீட்டும் நோக்கம் சிறிதுமின்றி, அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறி உரிமம் பெற்று, தம் இல்லத்திலேயே ஒரு சிறிய ரேடியோ நிலையத்தை அமைத்துக்கொண்டு, பூமியின் ஏதோ ஒரு மூலையில் செவியைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் இன்னொருவரோடு அலைகளின் வழியே பேசுவதையே ஒரு வித்தையாகக் கொண்டவர்களை உலகம் ‘ஹாம்’ என்று அழைக்கிறது. நம் தேசத்தில் இவ்வித்தைக்கு வயது நூறைக் கடந்துவிட்டது. 1921-ஆம் ஆண்டில் அமரேந்திர சந்திர குப்தா என்பார் ‘2 ஜே.கே.’ என்ற அழைப்புக்குறியோடு இந்தியாவின் முதல் அமெச்சூர் நிலையத்தை இயக்கினார். 1924 மே 16-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்பைத் தோற்றுவித்து, அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் செய்தார். அரசாங்க வானொலி பிறப்பதற்கு முன்பே ஆகாயத்தில் தமிழ்நாட்டின் குரலை ஏற்றியவர்கள் ஊதியம் கருதாத இந்த ரசிகர்கள்தாம் என்பதை நம் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் சற்று உரக்கவே சொல்லியிருக்கலாம்.

இவ்வித்தையின் மிகக் கடுமையான சோதனைக்களம் ‘கான்டெஸ்ட்’ என்னும் போட்டி. ஆண்டுதோறும் அக்டோபர் மாதக் கடைசி வார இறுதியில் குரல்வழியாகவும், நவம்பர் மாதக் கடைசி வார இறுதியில் மார்ஸ் தந்திக் குறிகளின் வழியாகவும் நடைபெறும் ‘சி.க்யூ. வேர்ல்டு வைடு’ என்ற போட்டியே அவற்றுள் தலையாயது. உலக நேரப்படி சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரம் நடப்பதால், நமக்கு அது சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பிறந்து திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஓய்கிறது. எதிரிலிருப்பவரின் அழைப்புக்குறியைப் பிழையின்றிக் கேட்டு, அவருடைய ஒலி எவ்வளவு தெளிவாக வந்தது என்ற மதிப்பையும் தாம் இருக்கும் மண்டலத்தின் எண்ணையும் சொல்லி, அவர் சொல்வதையும் வாங்கிப் பதிவு செய்துகொண்டால் ஒரு தொடர்பு நிறைவேறியதாகும். உலகம் நாற்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 22-ஆவது மண்டலம், அந்தமான் தீவுகளோ 26-ஆவது. ‘ஃபைவ் நைன் டுவென்ட்டி டூ’ என்ற நான்கு சொற்களை ஒருவர் இரண்டு நாளில் ஆயிரம் முறை உச்சரிக்கக்கூடும். சம்பாஷணை என்று சொல்லத்தக்கது அதில் ஏதுமில்லை. நலம் விசாரிப்பவரை உடனிருப்போர் முறைத்துப் பார்ப்பார்கள்.

இத்தகைய போட்டிக்கு ஒரு கூட்டு நிலையம் அமைக்க வேண்டுமானால், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே விரிந்து கிடக்கும் கரிசற்காடு பல வகையில் தகுதியுடையது என்பது என் அபிப்பிராயம். ரேடியோவுக்கு முதல் விரோதி தூரமன்று, இரைச்சல். நகரத்தில் விசைத்தறிகளின் மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவிகளும், மலிவான எல்.இ.டி. விளக்குகளும், வீட்டுக்கு வீடு உறுமும் இன்வெர்ட்டர்களும் உமிழும் மின்னிரைச்சல், ஆயிரக்கணக்கான மைல் கடந்து களைத்து வரும் மெல்லிய சமிக்ஞையை எளிதில் மூழ்கடித்துவிடும். பாளையம்பட்டியைத் தாண்டி வெளியே வந்துவிட்டாலோ அந்த அரவம் மெள்ள மெள்ள அடங்கிவிடுகிறது. மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ரமண மகரிஷி 1879-இல் அவதரித்த திருச்சுழியின் எல்லையில், ரேடியோக்காரனும் மௌனத்தின் அருமையை வேறொரு காரணத்துக்காக உணர்கிறான். அடிவானத்தை மறைக்க மலையில்லை. குண்டாற்றின் கரையையும் கண்மாய்க் கரைகளையும் விட்டால் மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, நிலத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டிய அலைக்குத் தடையில்லை. நாற்பது மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசைக்குரிய கம்பி ஆன்டெனா ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமிருக்க வேண்டும். அதை அதேயளவு உயரத்தில் கட்டினால் மிக நன்று. அதற்கு இரும்புக் கோபுரம் தேடி அலைய வேண்டியதில்லை. தக்க இடைவெளியில் நிற்கும் இரண்டு முதிர்ந்த பனைகள் போதும்.

இடையூறுகளும் உண்டு. அக்டோபர் மாதக் கடைசி என்பது ஐப்பசி. மானாவாரிக் காடுகளில் விதைப்பு முடிந்து முளைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரியிடம் போய், ‘உங்கள் நிலத்தில் ஆன்டெனா நடுகிறோம்’ என்று கேட்பவனுக்கு நல்ல பதில் கிடைக்காது. களத்துமேட்டையோ ஊர்ப் பொட்டலையோதான் நாட வேண்டும். கோடையில் வெடித்துப் பிளந்து முளைக்குச்சியைப் பற்றாத இம்மண், ஒரு மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடாது. போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவத்தின் இடியும் மின்னலும் அதே நாட்களில் கூடி வந்து, தாழ்ந்த அலைவரிசைகளில் படபடவென்று வெடிக்கும் இரைச்சலை நிறைத்துவிடும்.

இனி ஆகாயத்தின் சங்கதி. சிற்றலைகள் உலகைச் சுற்றுவதற்குக் காரணம், நமக்கு மேலே சுமார் அறுபது கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை அடுக்கடுக்காக இருக்கும் அயனி மண்டலம். சூரியனுடைய புற ஊதாக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற அந்த மண்டலத்தின் மேலடுக்கு அலைகளை வளைத்து மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. பகலில் மட்டும் தோன்றும் கீழடுக்கோ நீண்ட அலைகளை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் எண்பது மீட்டரும் நாற்பது மீட்டரும் இரவின் அலைவரிசைகளாகவும், பதினைந்து மீட்டரும் பத்து மீட்டரும் பகலின் அலைவரிசைகளாகவும் அமைந்தன. சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் பத்து மீட்டர் அற்புதமாகத் திறந்துகொள்ளும். அவை அருகும் ஆண்டுகளில் நாட்கணக்கில் செத்துக் கிடக்கும். சுமார் பதினோராண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இந்தச் சுழற்சியை, அருப்புக்கோட்டையிலிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள கோடைக்கானல் வானாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே புகைப்படம் எடுத்துப் பாதுகாத்து வருகிறது.

நம் பிரதேசத்துக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்த மத்தியரேகை இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். திருநெல்வேலிக்கருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகத்தை நடத்தி வருவதற்கும் அதுவே முகாந்தரம். இந்த ரேகையின் மேல், காந்தப் புலம் நிலத்துக்குக் கிடையாக ஓடுவதால், பகலில் அயனி மண்டலத்தின் மின்துகள்கள் மேல்நோக்கித் தூக்கப்பட்டு, பின் வடக்கிலும் தெற்கிலும் சரிந்து, இரண்டு பக்கத்திலும் அடர்ந்து குவிகின்றன. அடுக்கு உயரமாக இருப்பதால் அலையின் ஒவ்வொரு தாவலும் நீளுகிறது. தென்கண்டங்களுக்கான வழி எளிதாகிறது. ஆனால், அஸ்தமனத்துக்குப்பின் இதே அடுக்கில் குமிழிகள் எழுந்து ஒழுங்கு குலைவதால், சம இரவு பகலை ஒட்டிய மாதங்களில், குறிப்பாகச் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், வருகிற குரல் நடுநடுங்கிச் சிதைந்து கேட்கும். அக்டோபர் போட்டி அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. தவறாகக் கேட்கப்படும் எழுத்துகளுள் கணிசமானவற்றுக்கு ஆபரேட்டரின் காதன்று, இக்குமிழிகளே ஜவாப்தாரி.

ஒரே நேரத்தில் ஓர் அலைவரிசை ஐரோப்பாவுக்கும் இன்னொன்று ஜப்பானுக்கும் மற்றொன்று அமெரிக்காவுக்கும் திறந்திருக்கக்கூடும் என்பதால், பெரிய கூட்டு நிலையங்கள் 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் ஆகிய ஆறு அலைவரிசைகளுக்கும் ஆறு மேசைகள் போட்டு அமர்கின்றன. இனி மதிப்பெண் முறையைச் சற்று விளக்கினால்தான் மற்றவை புரியும். நமக்கு வேறு கண்டத்தோடு செய்த தொடர்புக்கு மூன்று புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாட்டோடு செய்ததற்கு ஒரு புள்ளி. சொந்த நாட்டாரோடு செய்ததற்குப் புள்ளியே இல்லை. இப்புள்ளிகளின் மொத்தத்தை, ஒவ்வோர் அலைவரிசையிலும் பிடித்த நாடுகள், மண்டலங்கள் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இவ்விரண்டாவது தொகையின் ஒவ்வோர் அலகையும் ‘மல்ட்டிப்ளையர்’ என்பார்கள். ஒரு குழுவிடம் 2,500 புள்ளிகளும் 200 மல்ட்டிப்ளையர்களும் இருப்பதாகக் கொள்வோம், மதிப்பெண் 5,00,000. இப்போது சாதாரணமாக ஒரு ஜெர்மானியரைப் பிடித்தால் 600 கூடும். அதுவரை அந்த அலைவரிசையில் கிட்டாத ஓர் ஆப்பிரிக்க நாட்டைப் பிடித்தாலோ 3,103 கூடும். ஆகவே எந்த மேசைக்கு எந்த நாடு இன்னும் வரவில்லை என்பதை ஆறு பேரும் ஒவ்வொரு கணமும் அறிந்திருப்பதுதான் வெற்றிக்கு மூலம்; அந்த அறிவை ஆறு தலைகளுக்கும் பகிர்ந்தளிப்பதே கூட்டுப் பதிவேட்டின் உத்தியோகம்.

காகிதக் காலத்தில் இது எப்பேர்ப்பட்ட உபத்திரவமாக இருந்தது என்பதைப் பழைய ஆபரேட்டர்கள் சொல்லக் கேட்க வேண்டும். ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேச, பக்கத்தில் இன்னொருவர் கட்டம் கட்டமாகப் பிரித்த பெரிய தாளில் அழைப்புக்குறிகளை எழுதிக்கொண்டே, ‘இவரை முன்பே பிடித்தாயிற்று’ என்று சைகை காட்டுவார். ஓர் அலைவரிசையில் ஒரு நிலையத்தோடு ஒருமுறை செய்த தொடர்புக்கே புள்ளி என்பதால், இந்தத் தாள் இன்றியமையாததாயிருந்தது. நள்ளிரவில் மேசை மாறும்போது தாள் மாறிப்போவதும், தேநீர் கொட்டி இரண்டு மணி நேர உழைப்பு மங்கிப்போவதும் சகஜம்.

1980-களில் கென் வுல்ஃப் என்ற அமெரிக்க ஹாம் எழுதிய ‘சி.டி.’ என்னும் கணினி நிரல் இந்த நிலையை மாற்றியது. விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய அக்காலக் கணினிகளை, சீரியல் போர்ட்டுகள் வழியாக ஒன்றோடொன்று கம்பியால் கோத்து, ஒரு மேசையில் தட்டியது மற்ற மேசைகளிலும் தெரியும்படி அது செய்தது. பின்னர் ‘ரைட்லாக்’, ‘வின்-டெஸ்ட்’ எனப் பல வந்தன. இன்று இலவசமாகக் கிடைக்கும் ‘என்1எம்.எம். லாகர் பிளஸ்’ பெரும்பாலோரின் கையில் இருக்கிறது. அதற்கு இணையதளத் தொடர்பு தேவையில்லை. பொட்டலில் போட்ட ஒரு கொட்டகையில், சில லேப்டாப்புகளும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சும் கேபிள்களும் இருந்தால் போதும். நம் பிரதேசத்துக்கு இது பெரிய சௌகரியம்.

இதன் உள்ளமைப்பில் கவனிக்கத்தக்க கொள்கை ஒன்றுண்டு. எல்லாப் பதிவுகளையும் நடுவில் ஒரே கணினியில் வைத்து மற்றவை அதனிடம் கேட்டுக்கேட்டு வேலை செய்வது என்பது முதலில் தோன்றும் வழி. அந்த ஒன்று நின்றால் ஆறு மேசைகளும் நின்றுபோகும் என்பதால், கான்டெஸ்ட் நிரல்கள் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. ஒவ்வொரு லேப்டாப்பிலும் முழுப் பதிவேடும் இருக்கிறது. இருபது மீட்டர் மேசையில் ஒருவர் ஒரு தொடர்பை முடித்து ‘என்டர்’ விசையைத் தட்டியதும், அது முதலில் அவருடைய சொந்தப் பதிவேட்டில் ஏறுகிறது; அடுத்த கணமே, தனக்கே உரிய ஓர் அடையாள எண்ணோடு, வலைப்பின்னலின் வழியே மற்ற ஐந்து பதிவேடுகளுக்கும் செல்கிறது. அடையாள எண் எதற்கென்றால், அதே செய்தி இருமுறை வந்து சேர்ந்தாலும் இரண்டு பதிவாக ஆகிவிடாமலிருப்பதற்கும், பின்னர் யாரேனும் ஓர் எழுத்தைத் திருத்தினால் எந்தப் பதிவைத் திருத்துவது என்று எல்லாக் கணினிகளும் ஐயமின்றி அறிவதற்கும்.

வலைப்பின்னல் அறுந்தால் என்ன ஆகும்? அறுகிறது, அறுந்தே தீரும். நூறு வாட் சக்தியில் ஒலிபரப்பும் ஆன்டெனாவுக்கருகே ஓடும் சாதாரண நெட்வொர்க் கேபிள் தானே ஓர் ஆன்டெனாவாகி, அலையை வாங்கிக் கணினிக்குள் செலுத்தி அதைத் தடுமாறச் செய்வது நித்திய அனுபவம். உறையிட்ட கேபிளும், அதன் இரு முனைகளிலும் மாட்டும் ஃபெரைட் வளையங்களும் ஓரளவு காப்பாற்றும். எல்லா ஒலிபரப்பிகளும் ஐந்நூறு மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. செம்புக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டோ ஒரு நீட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் தாங்காது. அதற்கும் மேலாக, ஐப்பசி இடிமழையில் வெட்டவெளியில் நீண்டு கிடக்கும் செம்புக் கம்பி ஆபத்தை அழைத்து வருவது. மேசைகளைத் தூரத்தூரப் போடுபவர்கள் கண்ணாடியிழைக் கேபிளையே நாடுவது விவேகம். அது மின்னலையும் கடத்தாது, ரேடியோ அலைக்கும் மசியாது.

அறுந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மேசையும் தன் பதிவேட்டைத் தானே நடத்திக்கொண்டு போகிறது. இணைப்பு மீண்டதும், முதன்மை என்று குறிக்கப்பட்ட கணினியோடு மற்றவை தத்தம் பதிவுகளை ஒப்பிட்டு, தம்மிடம் இல்லாததை வாங்கிக்கொண்டு, அதனிடம் இல்லாததைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஒன்றாகிவிடுகின்றன. இடையில் ஒரு மேசை வேறோர் அலைவரிசைக்கு மாறியிருந்தால், ஏதேனும் ஒரு நிலையத்தை மறுமுறை பிடித்திருக்கலாம். போனால் போகட்டும், இரட்டிப்புத் தொடர்புக்குப் புள்ளி கிடையாதே தவிர அபராதமும் கிடையாது. அரைமணி நேரம் வேலை நிற்பதைவிடச் சில இரட்டிப்புகள் ஏறுவது மேல் என்று தெரிந்தே இந்நிரல்களை எழுதியவர்கள் இவ்வாறு அமைத்தார்கள். வங்கிக் கணக்கில் இப்படி ஒரு தாராளம் செல்லாது. ரேடியோப் போட்டிக்கு இதுவே பொருத்தம். எந்த இடத்தில் எந்தப் பிழையைப் பொறுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் கணினி வலைப்பின்னல் சாஸ்திரத்தின் பாதி.

மற்றொரு பாதி, வரிசை என்னும் விஷயத்தில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசி வார இறுதியில் குரல்வழியாகவும் மே மாதத்தில் மார்ஸ் வழியாகவும் நடக்கும் ‘டபிள்யூ.பி.எக்ஸ்.’ போட்டியில், மண்டல எண்ணுக்குப் பதிலாக 1 முதல் ஏறிச்செல்லும் வரிசை எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரே வரிசையில் இரண்டு ஆபரேட்டர்கள் எண் வழங்கும்போது, இருவரும் ஒரே கணத்தில் 418 என்று சொல்லிவிட்டால்? ‘யார் முந்தினார்’ என்று கேட்பது எளிது. ஆனால் இரண்டு தனித்தனிக் கணினிகளுக்குள் ‘ஒரே கணம்’ என்பதற்கே நிச்சயமான அர்த்தமில்லை. ஒவ்வொன்றின் கடிகாரமும் சிறிது முன்பின்னாக ஓடுகிறது. செய்தி போய்ச்சேரவும் சிறிது காலம் பிடிக்கிறது. லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பரந்து கிடக்கும் கணினிகளில் நிகழ்ச்சிகளின் முன்பின்னை மணி பார்த்துத் தீர்மானிக்க முற்படாமல், எந்தச் செய்தி எதற்குக் காரணமாயிற்று என்ற தொடர்பைக் கொண்டே தீர்மானிக்கலாம் என்று நிலைநாட்டினார். கான்டெஸ்ட் நிரலின் உபாயம் அவ்வளவு ஆழமானதன்று, ஆனால் அதே கவலையிலிருந்து பிறந்தது: ஆபரேட்டர் எதிராளியின் அழைப்புக்குறியைத் தட்டத் தொடங்கியதுமே அடுத்த எண் அவருக்கென்று ஒதுக்கப்பட்டு மற்ற மேசைக்கு அறிவிக்கப்படுகிறது. தொடர்பு கைகூடாமல் போனால் அந்த எண் வீணாகும். வரிசையில் ஓட்டை விழுவதில் குற்றமில்லை. பல அலைவரிசைகளில் ஒருங்கே ஒலிபரப்பும் பெரிய குழுக்களுக்கோ, அலைவரிசைக்கு ஒரு தனி வரிசை என்று விதியே வகுத்துவிட்டது. தொழில்நுட்பத்தால் அவிழ்க்கக் கடினமான முடிச்சைச் சட்டத்தால் அவிழ்த்தது சமயோசிதம் என்றே சொல்வேன்.

கடிகாரம் வரிசைக்கு உதவாவிட்டாலும் வேறொன்றுக்கு அவசியம். ஒவ்வொரு பதிவிலும் உலக நேரம் குறிக்கப்படுகிறது. எதிராளியின் பதிவோடு ஒப்பிடும்போது சில நிமிஷங்களுக்கு மேல் வேறுபட்டால் தொடர்பு செல்லாமற் போகலாம். இணையம் இருக்குமிடத்தில் கணினி தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். பொட்டலில் அது இல்லையென்றால், ஒரு சிறிய ஜி.பி.எஸ். கருவி ஒரு கணினிக்கு நேரம் கொடுக்க, மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு மேசைகளும் இவ்வாறு ஒரே நினைவைப் பகிர்ந்துகொண்ட பின், வேறு நன்மைகள் தாமே பின்தொடர்கின்றன. பதினைந்து மீட்டரில் ஒரு மொரீஷியஸ் நிலையம் கிடைத்தால், ‘இவர் இருபது மீட்டரிலும் பத்து மீட்டரிலும் நமக்கு இன்னும் வரவில்லை’ என்று திரை உடனே காட்டுகிறது. ஆபரேட்டர் அவரை விநயமாக வேண்டிக்கொண்டு, இத்தனை மணிக்கு இந்த இடத்துக்கு வாருங்கள் என்று அடுத்த மேசைக்கு அனுப்பிவைக்கிறார். அச்செய்தி அந்த மேசையின் திரையில் போய் நிற்கிறது. சிறு குழுக்களின் பிரிவில் ஒரு மணி நேரத்துக்குள் இத்தனை முறைக்குமேல் அலைவரிசை மாறக்கூடாது என்ற விதியைக்கூட நிரலே எண்ணிக்கொண்டு எச்சரிக்கிறது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு சமிக்ஞைதான் போகலாம் என்ற விதியையும் நிரலின் பூட்டு காக்கும். ஆனால் வலைப்பின்னல் அறுந்த கணத்தில் அந்தப் பூட்டும் அறுந்துபோகும் என்பதை மறப்போர் பலர். ஒரு ரிலேயும் இரண்டு கம்பியும் செய்யக்கூடிய காவலை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைப்பது எனக்கு உடன்பாடன்று.

இன்னொரு வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்தைய போட்டிகளில் பங்கேற்றோரின் அழைப்புக்குறிகளையெல்லாம் திரட்டிய ஒரு பட்டியலை நிரல் வைத்திருக்கிறது. பாதி எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தக்கூடிய குறிகளைக் காட்டும். களைத்த செவிக்கு இது ஊன்றுகோல்தான். ஆயினும், போன மாதம்தான் உரிமம் பெற்று, காரியாபட்டியிலோ நரிக்குடியிலோ முதன்முதலாக மைக்கைப் பிடித்த ஒருவருடைய குறி எந்தப் பட்டியலிலும் இராது. பட்டியலை நம்பி அவருடைய எழுத்தைப் பிரபலமான வேறொருவருடையதாக ‘திருத்தி’விடும் ஆபரேட்டர், உண்மையாக வந்த ஒருவரை இல்லாமற் செய்துவிட்டு, வராத ஒருவரை ஏட்டில் ஏற்றுகிறார். கேட்டதை எழுது, எதிர்பார்த்ததை எழுதாதே என்று மூத்த ஆபரேட்டர்கள் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு கண்டிப்பும் வெறும் விளையாட்டுக்கா என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரை நினைவூட்டலாம். ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, பல ஆண்டுகளாக எந்த ஹாமின் குரலும் எழாதிருந்த அந்தமானுக்கு விசேஷ அநுமதியோடு சென்று, போர்ட் பிளேரிலிருந்து உலகெங்குமுள்ள ஹாம்களோடு தொடர்பு கொண்டிருந்தது. போட்டியன்று, ஆனால் நெருக்கியடிக்கும் அழைப்புகளினூடே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பதிவு செய்யும் கலை ஒன்றேதான். டிசம்பர் 26-ஆம் நாள் காலை பூமி அதிர்ந்து ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்குழு அயல்நாட்டு அழைப்புகளை நிறுத்திவிட்டு, அதே கருவிகளாலும் அதே ஆன்டெனாக்களாலும் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைச் சுமந்தது. அத்தகைய வேளையில் யாரிடமிருந்து யாருக்கு எந்தச் செய்தி, எத்தனை மணிக்குப் போயிற்று, சேர்ந்ததா என்ற பதிவு பிசகினால் ஓர் உறவினரைத் தேடும் குடும்பத்துக்குத் தவறான பதில் போய்ச்சேரும்.

போட்டி முடிந்த பின் நடப்பதுதான் இந்த வித்தையின் மிக நுட்பமான பகுதி. ஐந்து நாட்களுக்குள் ஒவ்வொரு நிலையமும், ‘காப்ரில்லோ’ என்ற பொது அமைப்பில் தன் பதிவேட்டை அனுப்பிவிட வேண்டும். உலகெங்குமிருந்து வந்த ஆயிரக்கணக்கான பதிவேடுகளைப் போட்டிக் குழுவினரின் கணினி ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கிறது. பருத்திக் கமிஷன் மண்டியில் விற்றவர் குறிப்பும் வாங்கியவர் குறிப்பும் ஒத்தால்தான் கணக்குத் தீரும் என்பது போன்றதே இதுவும்: நான் உம்மைப் பிடித்தேன் என்று என் ஏடு சொன்னால் போதாது, உம்முடைய ஏடும் அதே நேரத்தில், அதே அலைவரிசையில், என் அழைப்புக்குறியைச் சரியாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் அந்தத் தொடர்பு நீக்கப்படும். அழைப்புக்குறியைப் பிழையாக எழுதியிருந்தால், நீக்கியதற்கு மேல் அதைப்போல் இரு மடங்கு புள்ளிகள் அபராதமாகவும் கழியும். அதனால், ஆறாயிரம் தொடர்புகளை அள்ளிக்கொண்டு போன குழு, அதிற் குறைந்ததாயினும் பிழையற்ற ஏட்டை அனுப்பிய குழுவுக்குப் பின்னால் நிற்க நேர்வது புதிதன்று.

சில மாதங்களுக்குப் பின், சரிபார்ப்பு அறிக்கை ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்து சேர்கிறது. எந்தப் பதிவு ஏன் தள்ளப்பட்டது என்று வரிவரியாக அதில் இருக்கும். மார்ஸ் போட்டியானால், மூன்று புள்ளிகளாலான ‘எஸ்’ நான்கு புள்ளிகளாலான ‘ஹெச்’ ஆகவும், நான்கு ஐந்தாகி ‘5’ என்ற எண்ணாகவும் மாறியிருப்பதைக் காணலாம். ‘வி’ என்ற எழுத்துக்கும் ‘4’ என்ற எண்ணுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால், அழைப்புக்குறி ‘வி.யு.’ என்று தொடங்கும் நம் நாட்டாருக்கு அதுவும் ஒரு சங்கடம். கூட்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு தொடர்பின் கீழும் ஆபரேட்டரின் பெயரும் மேசையும் நேரமும் ஏறியிருப்பதால், எந்தப் பிழை விடியற்காலைத் தூக்கத்தில் நேர்ந்தது, எது மின்னல் வெட்டிய நாழிகையில் நேர்ந்தது, எது ஒருவருடைய நெடுநாள் வழக்கம் என்பதெல்லாம் பிரித்தறியக் கிடக்கின்றன. அறிக்கையை வைத்துக்கொண்டு குழுவினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வாதாடுவார்கள். நாற்பது மீட்டர் மேசையில் இரவு இரண்டு மணிக்குமேல் யாரை உட்காரவைப்பது என்பது பெரும்பாலும் அந்த வாதத்தில்தான் முடிவாகிறது.